படத்தின் மெய்க்கீர்த்தி: காஞ்சிச் சேலைக் கரை வளைந்தது குறித்து ஓர் ஆய்வு

காஞ்சிபுரம் காந்தி ரோட்டுப் பட்டுக்கடைகளுக்காக எடுக்கும் சேலைப் படங்கள் சிலவற்றில், தறியில் நேராக ஓடிய கோர்வைக் கரை கணினித் திரையில் இடுப்பு ஒடுங்கிக் காட்சி தருவதுண்டு. பழி நெசவாளர் தலையில் விழுகிறது. அவர் நிரபராதி என்று நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம்.

தடயம் படத்துக்குள்ளேயே இருக்கிறது. கேமரா எழுதும் படக்கோப்பில் பொதுவாக எக்ஸிஃப் என்னும் சாசனம் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். 1995 இல் ஜப்பானியர் வகுத்த முறை இது. எந்த கேமரா, எந்த நாள், எத்தனை மில்லிமீட்டர் என்று, கல்வெட்டில் மன்னன் புகழ் பாடும் மெய்க்கீர்த்தி போலவே முழங்கும். நம்பகத்தன்மையும் ஏறக்குறைய மெய்க்கீர்த்தி அளவுதான். லென்ஸின் பெயரை எழுதப் பொதுவான இடம் 2010 இல் வந்த 2.3 ஆம் பதிப்பில்தான் கிடைத்தது. அதுவரை கம்பெனிகள் தங்கள் லென்ஸுகளுக்கு எண் கொடுத்து, தங்களுக்கு மட்டும் விளங்கும் குறிப்பில் ஒளித்துவைத்தன.

இங்கே சோழர் கல்வெட்டுகளில் வரும் பரகேசரிச் சிக்கல் எழுகிறது. விசயாலயன், முதல் பராந்தகன், உத்தம சோழன், முதல் இராசேந்திரன் எல்லாருமே பரகேசரி என்ற பட்டம் சூடியவர்கள். கல்லில் பரகேசரிக்கு யாண்டு பத்து என்று மட்டும் இருந்தால், எந்தப் பரகேசரி? எழுத்தமைதி, அதிகாரிகளின் பெயர், கிரகநிலை என்று தேடித்தான் கல்வெட்டறிஞர் ஆளைப் பிடிக்க வேண்டும்.

கேனான் கேமராவில் பத்தாம் எண்ணும் அப்படியொரு பட்டம். உரிமைப்படி அது கேனானின் 50 மி.மீ. மேக்ரோ லென்ஸுக்கு உரியது. ஆனால் சிக்மா என்னும் வேறு கம்பெனியின் 28 மி.மீ. லென்ஸ் ஒன்றும் 105 மி.மீ. மேக்ரோ ஒன்றும் அதே பட்டத்தைச் சூடிக்கொண்டு கேமராவுக்குள் நுழைகின்றன. பில் ஹார்வி 2003 முதல் வளர்த்துவரும் எக்ஸிஃப்டூல் என்னும் மென்பொருள் இதில் நிதானமான அறிஞர். குவியத்தூரம், துளையின் அளவு இரண்டையும் ஒப்பிட்டுப் பொருந்தாதவர்களைக் கழிக்கிறது. அதன் பிறகும் இருவர் மிஞ்சினால் ‘இவர் அல்லது அவர்’ என்று எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. (நம் வரலாற்றாசிரியர்களிடம் அரிதான குணம்.)

எண்ணை மட்டும் படித்துவிட்டுத் தீர்ப்பெழுதும் மென்பொருளின் போக்கு வேறு. மேக்ரோவில் எடுத்த படத்தை 28 மி.மீ. என்று அது முடிவுகட்டினால், அகலக்கோண லென்ஸ் நேர்கோட்டை வெளியே பிதுக்கும் என்ற தன் பட்டியலைப் புரட்டி, பிதுங்காத கரையை உள்ளே அமுக்கித் ‘திருத்தி’விடும். படத்தில் கரை நேராகத்தான் இருக்கிறது. அதை யார் பார்த்தது? சாசனத்தில் இருப்பதே சத்தியம்.

மின்தொடர்பு இல்லாத பழைய லென்ஸை மாட்டினால், தெரியாது என்று சொல்லத் தெரியாத சில கேமராக்கள் எஃப்-எண் 0 என்று பொறிக்கின்றன. குவியத்தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவது எஃப்-எண். அது 0 ஆக வேண்டுமானால் துளை முடிவிலி அகலம் இருந்தாக வேண்டும். ஏகாம்பரநாதர் கோயில் ஆயிரங்கால் மண்டபத்திலும் அந்த லென்ஸை வைக்க இடமிருக்காது.

நாளும் இப்படியே. உள்பேட்டரி செத்த கேமரா, கடிகாரத்தை ஏதோ ஒரு சனவரி 1 க்குத் திருப்பிவிடும். நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை குளத்திலிருந்து எழுந்தருளும் காஞ்சி அத்திவரதரின் படம் ஒன்று 2000 சனவரி 1 என்று நாளிட்டுக் கிடைத்தால் மென்பொருள் அதைப் புத்தாண்டுத் தொகுப்பில் சேர்க்கும். 1979 க்கும் 2019 க்கும் இடையே பெருமாள் அனந்தசரஸ் குளத்துக்குள் இருந்தார் என்பது அதற்குத் தெரியாது. இம்முடிவைக் களத்தில் சரிபார்க்க அடுத்த வாய்ப்பு 2059 இல். ஆய்வு நிதியை அதுவரை நீட்டிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.