வாய்திறப்பியல்

மாணாக்க, செவி சாய்த்துக் கேள். வாய்திறப்பு என்பது, புதுமொழி கற்க வந்தோர் முதல் வகுப்பில் கொள்ளும் இறுக்கத்தைத் தளர்த்தும் தொழில். இடம் வெள்ளகோவில். பொழுது, பகல்முறை முடிந்த மாலை. கற்போர், ஒடிசா, பீகார் முதலிய இடங்களிலிருந்து விசைத்தறிக்கும் பனியனுக்கும் வந்தோர். பெருந்துறையை அடுத்த சீனாபுரத்தார் எனக் கொங்கர் கொண்டாடும் பவணந்தியார், மாணாக்கரை அன்னம் முதல் நெய்யரி ஈறாகப் பிரித்தார். பகல் முழுதும் தறியோசையில் நின்று வந்தோரை எதனுள் அடக்குவது என அவர் கூறாமையின், அக்குறையை யாம் நிரப்புகின்றோம்.

இறுக்கம் மூன்று: நிலம்நோக்கு, வாயில்நோக்கு, கைபேசிநோக்கு. மூன்றாவது கொடிது. இம்மூன்றையும் நீக்கும் வாய்திறப்போ நான்கு.

முதலாவது கண்டெறிவு. ஒருவர் தம் பெயர் கூறி, இழைநுனியைப் பற்றிக்கொண்டு, நூற்கண்டை அடுத்தவர்க்கு எறிதல். பிற ஊர்களில் கண்டை விலைகொடுத்து வாங்குவர். ஈண்டு அது வேண்டா. இது சிக்கில்கண்டு, சிக்குறுகண்டு என இருபாற்படும். சிக்கில்கண்டால் பயனில்லை, பெயர் சொன்னவர் மீண்டும் நிலம்நோக்குவர். சிக்குறுகண்டே தலையாயது. இழை சிக்கியதும் தறிக்காரர் கைகள் தாமே எழும். ஆசான் விலகி நிற்க. சற்றைக்கெல்லாம் இழை அறும். அறுந்ததும் "அறுந்துருச்சுங்க!" என ஒரு குரல் எழும். தமிழ் அறியார் எனப் பதிவேட்டில் குறிக்கப்பட்டவர் வினைமுற்றையும், கொங்கு நாட்டிற்கு இன்றியமையாத "ங்க"வையும் பிழையறச் சொன்னமை காண்க. இத்தகையதை உளசொல் என்போம். அது மூவகை: பாவு, ஊடை முதலிய தறிச்சொல், கடைச்சொல், வாரக்கூலி பற்றிய காரிக்கிழமைச்சொல். வசைச்சொல்லும் உண்டென்பர் சிலர். அதனை யாம் வகுத்திலம். கற்போர் முன்னரே வகுத்துள்ளனர்.

இரண்டாவது ஒருவண்டியம். வந்த தொடர்வண்டியால் கற்போரைக் குழுவாக்கல். தன்பாது–ஆலப்புழை வண்டியில் வந்து திருப்பூரில் இறங்கினோர் ஒருவண்டியர், ஏனையோர் பிறவண்டியர். ஒருவண்டியருள்ளும் இருக்கை பெற்றோர், பெறாதோர் எனப் பிரிவுண்டு. பெறாதோரே நெடிது பேசுவர்.

மூன்றாவது ஈருண்மை ஒருபொய். தன்னைப் பற்றி மூன்று கூறி, பொய்யைக் கண்டறியச் செய்தல். மேலைநாட்டார் இதனை முதல்நாளே நிகழ்த்துவர். யாம் உடன்படோம். உண்மைக்குப் பெயர்ச்சொல் போதும். பொய்க்கு இறந்தகால வினை வேண்டும். ஆகவே மூன்றாம் திங்களுக்குத் தள்ளுக.

நான்காவது ழகரவாய். வாழைப்பழம் என யாவரும் ஒலித்தல். ஒடிய மொழியில் ளகரம் உண்மையின் ஒடியர் அவ்வளவில் அணுகுவர். இந்தியில் அதுவும் இன்மையின் பீகாரார் லகரத்தில் நிற்பர். வகுப்பைப் பார்க்க வந்த உள்ளூர்த் தறிமுதலாளியையும் ஒலிக்கச் சொல்க. அவர் "வாளப்பளம்" எனக் கூறுவாராயின் இறுக்கம் அக்கணமே ஒழியும். கூறாராயின் மறுமுறை கேட்க.

இனிப் புறனடை. கற்போர் பெயரை அவர்தம் மொழியில் ஒலிக்கப் புகுந்து ஆசான் இடறுதல் மேற்கூறிய நான்கனுள் அடங்காது. நகை பிறக்கும் இடம் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கென்பர் தொல்காப்பியர். இஃது அந்நான்கும் ஒருங்கே பிறக்கும் இடம். தேநீர் வரும்வரை நீட்டிக்கலாம்.