புரோக்கரை மாற்றும் படலம்

வீட்டை விற்க அமர்த்திய தரகரை மாற்ற வேண்டுமானால், அவரை அமர்த்தியதற்கு முதலில் ஓர் அடையாளம் இருக்கவேண்டும். அமெரிக்காவில் அது எழுத்திலேயே உண்டு. இத்தனை மாதம் இந்த வீட்டை இவர் மட்டுமே விற்பார் என்று கையெழுத்தாகும். கெடு முடிந்தால் அவரவர் வழி. தென்காசி மாவட்டத்துக் கரிசல் ஊரான திருவேங்கடத்தில் இதே ஒப்பந்தம் டீக்கடை பெஞ்சில் உருவாகிறது. "அண்ணாச்சி, வீட்டைக் குடுக்கப் போறியளாமே?" என்று கேட்பவர் தரகர். டீயை உறிஞ்சியபடி "ம்" என்பவர் உரிமையாளர். டீக்காசைத் தரகர் கொடுத்துவிட்டால் ஒப்பந்தம் பதிவானதாகவே கொள்ளப்படும்.

இதைச் செல்லாது என்று தள்ளவும் முடியாது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 185-ஆவது பிரிவுப்படி, முகவரை ஏற்படுத்தக் கைம்மாறு தேவையில்லை. 187-ஆவது பிரிவுப்படி, அவருக்குள்ள அதிகாரத்தைச் சூழ்நிலையிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம். அந்த "ம்" போதுமான சூழ்நிலை என்பது தரகர்களின் ஒருமித்த கருத்து. 2016-இல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெராவும் இங்கே கைகொடுக்காது. பதிவுபெற்ற மனைப்பிரிவிலும் அடுக்குமாடியிலும் விற்றுத்தரும் ஏஜென்ட்தான் அதன்படி பதிவுசெய்ய வேண்டும். தாத்தா கட்டிய வீட்டை விற்றுத்தருபவருக்குச் சிவகாசியில் அச்சடித்த விசிட்டிங் கார்டே போதும். அதில் வீடு, மனை, தோட்டம் ஆகியவற்றோடு வரனும் பார்த்துத் தரப்படும்.

மாற்றும் எண்ணம் பெரும்பாலும் விலையில் தொடங்குகிறது. உரிமையாளர், "எனக்குக் கைக்கு முப்பது லட்சம் வரணும்" என்பார். அதற்குமேல் விற்பது தரகரின் சாமர்த்தியம், மேல் தொகையும் அவருடையது. கமிஷன் ஒரு சதவீதமா இரண்டா என்ற பேச்சு இதில் சேராது. நான்கு மாதம் யாரும் வராமற்போனால் உரிமையாளர் இரண்டாம் தரகரிடம் போகிறார். முதல் தரகரிடம் சொல்வதில்லை. அவர் மைத்துனர் வகையில் சொந்தம், முகத்தை முறிக்க முடியாது. இரண்டாமவரிடமும் அதே தயக்கம் வந்து, மூன்றாமவர் அமர்கிறார்.

இதன் விளைவு, ஊரில் வீடு வாங்க இருக்கும் ஒரே பார்ட்டி அந்த வீட்டை மூன்று முறை பார்க்கிறார். முதல்முறை 32 லட்சம், அடுத்தது 34, மூன்றாவது 31. ஒவ்வொரு முறையும் வேறு தெரு வழியாகக் கூட்டிவரப்படுவதால் தெருக்குத்து ஒருமுறை இருக்கிறது, ஒருமுறை இல்லை. கரிசல் மண் மழையில் உப்பி வெயிலில் சுருங்குவதால் அடுப்படிச் சுவரில் விழுந்த வெடிப்பு, இப்போது உரிமையாளரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். மூன்று பேர் கையில் இருக்கும் வீடு அவசரத்துக்கு விற்கும் வீடு என்பதும் தெரியும். 28-க்குக் கேட்கிறார்.

தரகரை நீக்க நேரான வழியும் சட்டத்தில் உண்டு. 201-ஆவது பிரிவுப்படி, முதல்வர் அதிகாரத்தைத் திரும்பப் பெறலாம். (முதல்வர் என்பது இங்கே வீட்டுக்காரர்.) அதை நடத்தையாலும் காட்டலாம் என்கிறது 207. வாடகைக்கு விட முகவரை அமர்த்திவிட்டு உரிமையாளரே விட்டுக்கொண்டால் முகவர் நீங்கினார் என்று உதாரணமும் தருகிறது. உதாரணம் அத்தோடு முடிகிறது. திருவேங்கடத்தில் அதற்குப் பிறகுதான் முகவர் வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்காருவார். "நான் மொதல்ல காட்டுன பார்ட்டிதான அண்ணாச்சி?" என்பார். அது உண்மையாகவும் இருக்கும்.

கடைசியில் 29-க்குப் படிந்து, கிரயத்தன்று மூன்று தரகர்களும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்துவிடுகிறார்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று, வீட்டை ஒருமுறைகூடக் காட்டாமல் 9 சதவீதம் வாங்கும் அரசாங்கத்தை யாரும் முறைப்பதில்லை. தரகர்கள் ஒருவரையொருவர்தான் முறைத்துக்கொள்கிறார்கள். பத்திரத்துக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒருவர் இருக்கிறார். மூன்றாம் தரகர் ஆதார் அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறார். இரண்டாமவரிடம் இருப்பது நகல். ஏழு மாதத்துக்கு முன்பே நீக்கப்பட்டுவிட்ட முதல் தரகர், சட்டைப்பையிலிருந்து அசல் அட்டையையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு முன்னால் வருகிறார்.