இடமாற்ற உத்தரவு

மசினகுடி டீக்கடையில் பேஸ்பால் பற்றிப் பேச்செடுத்தால் பெஞ்ச் காலியாகிவிடும். அடிபட்டு முடங்கியவன் பழைய வேலைக்கே திரும்பிய கதை என்றால் டீ ஆறினாலும் கேட்பார்கள். அப்படித் திரும்பியவன் ஒருவன் ஊர்ப்பக்கமே சுற்றுகிறான், நாலு காலில். அவனுக்கு முன்னால் அமெரிக்காவை முடித்துவிடுகிறேன்.

1974 ஜூலை 17. லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அணியின் இடதுகை வீச்சாளர் டாமி ஜான், அந்த சீசனில் 13 வெற்றி, 3 தோல்வி என்று ஜம்மென்று இருந்தவர், ஒரு பந்தை வீசினார். முழங்கை ஜவ்வு கிழிந்தது. அந்தக் காலத்தில் இதற்கு வைத்தியம் என்பது ஐஸ் கட்டி, ஓய்வு, கடைசியில் பிரிவு உபசார விழா. டாக்டர் ஃபிராங்க் ஜோப் மட்டும் கோக்குமாக்காக ஒன்றை யோசித்தார்.

கட்டை விரலையும் சுண்டு விரலையும் ஒட்டவைத்து மணிக்கட்டை லேசாக மடக்கிப் பாருங்கள். நடுவில் கயிறு மாதிரி ஒரு நாண் புடைக்கும். சிலருக்குப் பிறவியிலேயே அது கிடையாது. அதனால் அவர்கள் சோறு பிசைவதில் ஒரு குறையும் இல்லை. ஆக, சம்பளம் மட்டும் வாங்கும் ஊழியர். செப்டம்பர் 25-ஆம் தேதி ஜோப் அவருக்கு இடமாற்ற உத்தரவு போட்டார்: வலது மணிக்கட்டிலிருந்து இடது முழங்கைக்கு, உடனடியாக. எலும்பில் துளை போட்டுக் கோத்துக் கட்டினார். மறுபடி ஆட நூற்றுக்கு ஒரு வாய்ப்புதான் என்றும் சொல்லிவைத்தார்.

விரல்கள் மரத்துச் சுருண்டன. நரம்புக்காக இன்னொரு ஆபரேஷன். 1975 முழுக்க வீண். 1976-இல் திரும்பிவந்து 10 வெற்றி, 10 தோல்வி. பிறகு நிறுத்தவே இல்லை. 46 வயதில், 1989-இல்தான் விட்டார். மொத்தம் 288 வெற்றிகளில் 164 அந்த ஆபரேஷனுக்குப் பிறகு வந்தவை. நம் ஊரில் கைராசி டாக்டரின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பார்கள். அவர்கள் நோயாளியின் பெயரை ஆபரேஷனுக்கு வைத்துவிட்டார்கள். வெட்டித் தைத்தவர் பாவம்.

அந்த ஆபரேஷன் நம்மவர் ஒருவருக்கும் வாய்த்தது. உத்தரப் பிரதேசம் பதோஹியில் ஈட்டி எறிந்துகொண்டிருந்த ரிங்கு சிங், 2008-இல் ஒரு டிவி போட்டியில் பந்தை மணிக்கு 87 மைல் வேகத்தில் எறிந்து ஒரு லட்சம் டாலர் ஜெயித்தார். பேஸ்பால் என்றால் என்னவென்று அதற்குப் பிறகுதான் படித்தார். அந்த வருடமே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஒப்பந்தம். 2013-இல் முழங்கையில் டாமி ஜான். மறு வருடம் அவர் கதை ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ என்று ஏ.ஆர். ரஹ்மான் இசையில் படமாக வெளியானபோது, அந்த மில்லியன் டாலர் கை ஆட்டத்துக்கே லாயக்கில்லாமல் இருந்தது. கடைசிவரை மைதானத்துக்குத் திரும்பவில்லை. 2018-இல் மல்யுத்தத்துக்குப் போய், ‘வீர் மகான்’ ஆகி, ஆட்களையே தூக்கி எறிந்தார்.

இப்போது நம்மவன். பிரேசில் கால்பந்து வீரரின் பெயரைச் சுமக்கும் காட்டு யானை ரிவால்டோ. மசினகுடி அருகே வாழைத்தோட்டம் கிராமத்தில் அவனைத் தெரியாதவர் இல்லை. காயத்தில் தும்பிக்கை நுனி போய்விட்டது. பந்துவீச்சாளருக்கு முழங்கை போனதைவிட மோசம், அவனுக்குக் கையும் மூக்கும் அதுதான். மணிக்கட்டில் உபரி நாண் எதுவும் கிடையாது, ஜோப் வந்தாலும் கையைப் பிசைவார். ஜனங்கள் பழம் கொடுத்தார்கள். காட்டில் கிளையோடு மல்லுக்கட்டுவதைவிட வீட்டு வாசலில் நிற்பது லாபம் என்று அவன் கணக்குப் போட்டான். யார்தான் போடமாட்டார்கள்?

2021 பிப்ரவரியில் பழத்தைக் காட்டியே தெப்பக்காடு யானை முகாமுக்கு நடத்திப் போனார்கள். பழத்தைத் தின்றான், பாதி வழியில் திரும்பிவிட்டான். மே மாதம் வாழைத்தோட்டத்திலேயே மரக்கூண்டு கட்டி, மறுபடியும் பழத்தைக் காட்டி அடைத்தார்கள். மூன்று மாதம் வைத்தியம், வேளாவேளைக்குச் சாப்பாடு. ஆகஸ்ட் 2-ஆம் தேதி கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, முதுமலைக் காட்டுக்குள் சிக்கஹல்லாவில் இறக்கிவிட்டார்கள். அரசு உத்தரவுப்படி முறையான இடமாற்றம்.

ஒரே நாள். சுமார் 40 கிலோமீட்டர் நடந்து சொந்த ஊர்ப்பக்கம் வந்து நின்றான். அவன் எந்த வழியாக வந்தான் என்பதையெல்லாம் அரசாங்கம் மாட்டிவிட்ட காலரே அரசாங்கத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. திரும்பப் பிடிக்கச் சொல்லி விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போயும், வனத்துறை அவனைப் பிடிக்கவில்லை. இரண்டாவது உத்தரவு போட்டால் அதையும் ஒரே நாளில் ரத்து செய்துவிடுவான் என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன.