தலைநகரை உதைத்துத் தள்ளியவர்கள்

தில்லி ஜனக்புரியை யார் உண்டாக்கினார்கள் என்று கேட்டால், எழுபதுகளில் தில்லி வளர்ச்சி ஆணையமான டிடிஏ கட்டியது என்பார்கள். அது செங்கல் கணக்கு. பங்கா ரோடு ஓரத்தில், திகார் ஜெயிலுக்குக் கூப்பிடு தூரத்தில், இத்தனை தமிழர்கள் எப்படி வந்து குடியேறினார்கள் என்பதற்கு உண்மையான காரணம் வேறு. 1911 ஜூலை 29 அன்று கல்கத்தாவில் பதினொரு பேர் பந்து உதைத்தார்கள். வரலாற்றுப் பேராசிரியர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் புட்பால் பார்ப்பதில்லை.

அன்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டம். ஒரு பக்கம் ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமெண்ட்; அரசாங்கம் தீனி போட்டு, பூட்ஸ் மாட்டி வளர்த்த சிப்பாய்கள். மறு பக்கம் மோகன் பகான். பத்துப் பேருக்கு வெறுங்கால். சுதிர் சட்டர்ஜி ஒருவர் மட்டும் பூட்ஸ் போட்டிருந்தார். கூட்டம் நெரிந்ததில் பின்னால் நின்றவர்களுக்கு முன்னால் நின்றவர்களின் முதுகுதான் தெரிந்தது. ஆகவே பட்டம் பறக்கவிட்டு ஸ்கோர் சொன்னார்கள். முதல் கோல் வெள்ளைக்காரர்களுடையது. கேப்டன் சிவதாஸ் பாதுரி அதைச் சமன் செய்தார். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் அபிலாஷ் கோஷ் இன்னொன்றைத் திணித்தார். 2-1. இந்தியக் கிளப் ஒன்று அந்த ஷீல்டை வெல்வது அதுதான் முதல் தடவை.

அதே ஆண்டு டிசம்பர் 12 அன்று ஐந்தாம் ஜார்ஜ் தில்லி தர்பாரில் எழுந்து, தலைநகரம் இனி கல்கத்தா இல்லை, தில்லி என்று அறிவித்தார். வங்காளத்தில் கொந்தளிப்பு, தில்லி நாட்டின் நடுவே இருக்கிறது, முகலாயர் ஆண்ட பெருமை என்று பெரிய மனிதர்கள் ஆளுக்கொரு காரணம் எழுதிவைத்தார்கள். நான் தேதியை மட்டும் பார்க்கிறேன். ஆட்டத்துக்கும் அறிவிப்புக்கும் நடுவில் ஐந்து மாதம்கூட இல்லை. தோற்ற ஊரில் தலை நிமிர்ந்து நடக்க எந்த ராஜாவுக்குத்தான் மனசு வரும்?

தலைநகரம் நகர்ந்தால் ஃபைல் நகரும். ஃபைல் நகர்ந்தால் அதன் பின்னாலேயே மதராஸி குமாஸ்தா நகர்வார். கோடையில் சிம்லா, குளிரில் தில்லி என்று சர்க்கார் அலைந்தபோது, தட்டச்சும் சுருக்கெழுத்தும் தெரிந்த நம்மவர்களும் காபி ஃபில்டரோடு கூடவே அலைந்தார்கள். பிள்ளைகள் படிப்பதற்காக 1920களில் மதராஸி கல்விச் சங்கம் கண்டார்கள். அதன் வாரிசான தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்துக்கு இன்று ஜனக்புரியிலும் ஒரு பள்ளி இருக்கிறது. அங்கே ‘அ’ எழுதும் குழந்தை, முறைப்படி பார்த்தால், அபிலாஷ் கோஷுக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுத வேண்டும்.

சரி, தில்லிக்கு வந்தபின் வெள்ளைக்காரர் நிம்மதியாக இருந்தாரா? வம்பு டூராண்ட் கோப்பை ரூபத்தில் வந்தது. ஆப்கானிஸ்தான் எல்லையில் கோடு கிழித்தாரே, அதே மார்டிமர் டூராண்ட்தான் இந்தக் கோப்பையையும் கொடுத்தவர். கோடு இன்றுவரை சண்டையில் இருக்கிறது, கோப்பை பரவாயில்லை. 1888 முதல் சிம்லாவில் பெரும்பாலும் பட்டாளத்துக்காரர்கள் தங்களுக்குள் ஆடி, தாங்களே ஜெயித்து, தாங்களே கைதட்டிக்கொண்ட போட்டி அது. 1940இல் அதைத் தில்லி இர்வின் மைதானத்துக்கு இறக்கினார்கள். இறக்கிய வருஷமே கல்கத்தாவிலிருந்து முகமதன் ஸ்போர்ட்டிங் வந்து, ராயல் வார்விக்ஷயர் ரெஜிமெண்ட்டை 2-1 என்று கவிழ்த்துக் கோப்பையைத் தூக்கிப்போனது. மறுபடியும் அதே ஸ்கோர். இந்த முறை தலைநகரை நகர்த்த உள்ளூரில் இடமில்லை. ஏழே வருஷத்தில் லண்டனுக்கே போய்விட்டார்கள்.

மோகன் பகான் இரண்டாம் தடவை அந்த ஷீல்டை வென்றதும் 1947இல்தான். இதையும் தற்செயல் என்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

சுதந்திரத்துக்குப் பின் உதைப்பதற்கு வெள்ளைக்காரர் இல்லாததால் கல்கத்தா கிளப்புகள் ஒன்றையொன்று உதைத்துக்கொண்டன. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் ஹில்சா மீன், மோகன் பகான் ஜெயித்தால் இறால். தீர்ப்பை மீன் மார்க்கெட் சொல்லியது. இதில் நமக்கும் பங்குண்டு. ஈஸ்ட் பெங்காலின் பஞ்ச பாண்டவர்களான அப்பாராவ், வெங்கடேஷ், தன்ராஜ், சாலே, அகமது கான் ஐவருமே தென்னாட்டுக்காரர்கள். 1951, 1952 இரண்டு வருஷமும் டூராண்டைத் தில்லியிலிருந்து வாரிக்கொண்டு போனார்கள். தெற்கத்தியார் தில்லிக்குப் போய் ஃபைல் அல்லாத ஒன்றைத் தூக்கியது அபூர்வம்.

இப்போது ஜனக்புரிப் பையன்கள் ஐரோப்பிய கிளப்புகளின் பனியனைப் போட்டுக்கொண்டு, “மோகன் பகான் எத்தனை கோப்பை அங்கிள்? எகிப்தில் அல் அஹ்லி என்று ஒன்று இருக்கிறது தெரியுமா?” என்று மடக்குகிறார்கள். தெரியும் தம்பி. 1907இல் கெய்ரோவில் தேசாபிமான மாணவர்களுக்காகத் தொடங்கி, முதல் தலைவராக மிட்செல் இன்ஸ் என்ற ஆங்கிலேயரையே உட்காரவைத்த சாமர்த்தியசாலிகள். 2000இல் ஆப்பிரிக்காவின் நூற்றாண்டுக் கிளப் என்று பட்டம் வாங்கினார்கள். அப்போது கண்டத்தின் பெரிய கோப்பையை அவர்கள் இரண்டு தடவையும், பங்காளி ஜமாலெக் நான்கு தடவையும் வென்றிருந்தன. அந்தப் பொருமல் ஜமாலெக்குக்கு இன்னும் அடங்கவில்லை. அதன் பிறகு 2024க்குள் அஹ்லி அந்தக் கணக்கைப் பன்னிரண்டாக்கி வாயடைத்தது.

பெருமைதான், யார் இல்லை என்றது? ஆனால் பன்னிரண்டு கோப்பை தூக்கிய பிறகும், கெய்ரோவுக்குக் கிழக்கே பாலைவனத்தில் புதுத் தலைநகரத்தை இன்னும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். மோகன் பகான் அந்த வேலையை ஒரே ஷீல்டில், அதுவும் செருப்புகூட இல்லாமல் முடித்தது.