பெரட்டுல யாரு முதல்ல நிக்கிறது?

வாய்யா பேராண்டி, சுங்கை பட்டாணி சர்வர் ரூமுக்கே ராஜா! ராத்திரி கரண்டு போயிட்டு வந்துச்சாம். வந்த கையோட எல்லா விர்ச்சுவல் மெஷினையும் ஒண்ணாத் தட்டி எழுப்பிட்டியாமே. வேகத்துக்குச் சம்பளம்னா இந்நேரம் நீ பங்களா கட்டியிருப்பே.

தாத்தா நான் பழைய மின்சார சார்ஜ்மேன்தான், ஆனா பொறந்தது லூனாஸ் பக்கத்துத் தோட்டம். விடியுமுன்னே பெரட்டு, அதான் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற வரிசை. கணக்கெழுதுற கிராணி செக்ரோலை விரிச்சுப் பேர் கூப்பிடாம எவனும் மர நிரைக்குள்ள கால் வைக்க முடியாது. உன் ரூம்ல என்ன நடந்துச்சு? கிராணி டிஎன்எஸ் இன்னும் தூக்கம். டேட்டாபேஸ் விலாசம் தெரியாம முழிக்குது, அப்ளிகேஷன் டேட்டாபேஸைத் தேடித் தேடிக் களைச்சு விழுந்துடுச்சு. வெப்சர்வர் மட்டும் பச்சை விளக்கு காட்டிக்கிட்டுப் பல்லை இளிக்குது. நீயும் அதைப் பார்த்துட்டு, "ஆச்சு சார்"னு மானேஜருக்குப் போன் போட்டே!

நாடே இப்படிப் படுத்த கதையைக் கேளு. 1996 ஆகஸ்ட் 3, சாயங்காலம் 5.17. திரங்கானு பாக்கா பக்கம் லைன் டிரிப் ஆச்சு, தீபகற்ப மலேசியா மொத்தமும் இருட்டு. நீ அப்போ பொறக்கவே இல்ல. அனல் நிலையத்தை எழுப்பணும்னா அதோட பம்புக்கும் விசிறிக்குமே கரண்டு வேணும். அதனாலதான் முழுசா படுத்த கிரிட்டைத் தூக்க, தானா எழுந்திரிக்கிற நீர்மின் நிலையத்தை முதல்ல தேடுவாங்க. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஊருக்கு விடுவாங்க. மொத்தமா விட்டா மறுபடியும் படுத்துக்கும்.

அதனால, கரண்டு வந்ததும் கையைக் கட்டிக்கிட்டு நில்லு. அது ஒருதரம் கண்ணைச் சிமிட்டிட்டுத் திரும்பவும் போனாலும் போகும். யூபிஎஸ் பேட்டரி கொஞ்சம் ஏறட்டும். அப்புறம் நெட்வொர்க் சுவிட்ச், அப்புறம் ஸ்டோரேஜ். ஸ்டோரேஜ் பெரிய மனுஷன், டிஸ்க்கெல்லாம் சரிபார்த்துட்டு நிதானமாத்தான் எழுந்திரிப்பாரு. அதுக்குள்ள ஹோஸ்ட்டைத் தட்டினா டேட்டாஸ்டோரைக் காணோம்னு ஒப்பாரி வைக்கும். அவர் எழுந்தப்புறம்தான் ஹோஸ்ட், அதுக்கு மேல டிஎன்எஸ், டொமைன் கன்ட்ரோலர். கடிகாரத்தையும் பாரு, 5 நிமிஷத்துக்கு மேல பிசகினா கெர்பரோஸ் உள்ளேயே விடாது. அதுக்கப்புறம் டேட்டாபேஸ், அப்ளிகேஷன். மினுக்குற வெப்சர்வர் கடைசி.

இன்னொரு கூத்தையும் கேட்டேன். ஸ்டோரேஜைப் பேர் சொல்லித் தேடுற மாதிரி வச்சிருக்கியாம். பேர் சொல்ற டிஎன்எஸ் அந்த ஸ்டோரேஜுக்குள்ளேயே படுத்திருக்காம். யாரு யாரை எழுப்புறது, மகராசா? ஐபி நம்பரைப் போடு. ஒரு டிஎன்எஸ்ஸைத் தனிப் பெட்டியில வை.

விர்ச்சுவல் மெஷினை ஓட்டுற பிராக்ஸ்மாக்ஸ்ல இந்த வரிசைக்கு நம்பர் போடலாம், நடுவுல இத்தனை வினாடி காத்திருன்னும் சொல்லலாம். அணைக்கும்போது அதுவே தலைகீழா அணைக்கும். நம்பர் இல்லாதவன் எல்லாம் கடைசியிலதான் எழுந்திரிப்பான். ஆனா 120 வினாடின்னு போட்டா அது 120 வினாடி நிக்கும், அவ்வளவுதான். டேட்டாபேஸ் நிஜமா எழுந்துச்சான்னு எட்டிப் பார்க்காது. அதைப் பார்க்கத்தான் உனக்குச் சம்பளம்.

வரிசையை எழுதி வச்சிருக்கியா? "இருக்கு தாத்தா, ஃபைல் சர்வர்ல." அடடா! அந்த ஃபைல் சர்வர் எதுல ஓடுது? ஏன்யா தலையைச் சொறியுறே? பெரிய எழுத்துல பிரிண்ட் எடுத்து ரேக் கதவுல ஒட்டு. பாஸ்வேர்டையும் சேர்த்து ஒட்டிடாதே, உன்னை எனக்குத் தெரியும்.