பத்தாயிரத்தின் பெருங்கருணை

முதல் தேதி வந்து, வாடகையென்றும் மளிகை பாக்கியென்றும் ஐந்தாம் தேதிக்குள் விடைபெற்றுக்கொள்ளும் ஒசூர் சிப்காட் தொழிலாளியின் சம்பளம், வங்கியில் தங்கிய அந்த நாலு நாளைக்கு ஈட்டும் சில்லறை வட்டியையும் ‘இதர வருமானம்’ என்னும் கம்பீரமான தலைப்பின்கீழ்ச் சமர்ப்பிக்க வேண்டுமென்பது சாஸ்திரம். 2012-13 முதல், வருமான வரிச் சட்டத்தின் 80டிடிஏ பிரிவு 10,000 ரூபாய் வட்டிவரை கழிவு தந்து கருணை காட்டியது. 2025 ஜூனில் பாரத ஸ்டேட் வங்கி நிர்ணயித்த 2.5 சதவீதத்தில் அத்தொகையை எட்ட, 4 லட்சம் ரூபாய் ஆண்டு முழுவதும் அசையாமல் தவமிருக்க வேண்டும்! புதிய வரிமுறையில் அக்கருணையும் இல்லை. சேமிப்பு வட்டியில் வங்கி முன்கூட்டி வரி பிடிப்பதில்லையே என்று மகிழ்வோர், அதே வட்டி ஆண்டுத் தகவல் அறிக்கையில் சித்திரகுப்த சிரத்தையுடன் பதிவாவதை அறிக. அத்திப்பள்ளியைத் தாண்டிக் கர்நாடகத்தில் குடியேறியும் பிரயோஜனமில்லை. வருமான வரி மத்திய சர்க்காருடையது.