பலகை பார்க்கும் படலம்

சிறுசேரியில் எங்கள் அடுக்ககத்தின் பதினோராவது மாடியில் ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம். நாவலூரிலிருந்து கேளம்பாக்கம் வரை எந்த அடுக்ககத்தில் தேடினாலும் அவர் சாயலில் இரண்டு பேர் கிடைப்பார்கள். நம்மவர் என்றே வைத்துக்கொள்வோம். பகலில் சிப்காட் ஐடி பார்க்கில் வேலை. இரவில் பலகை பார்க்கிறார்.

பெண் பார்ப்பது தெரியும், வீடு பார்ப்பது தெரியும், அதென்ன பலகை? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கோவளத்தில் ஒரு பெண் நீளமான பலகைமேல் நின்றுகொண்டு, ஒற்றைத் துடுப்பால் தண்ணீரைத் தள்ளியபடி அலுங்காமல் கழிமுகத்துக்குள் போனதை நம்மவர் பார்த்தார். கையிலிருந்த பஜ்ஜி ஆறிப்போனது. ஸ்டாண்ட் அப் பேடில் போர்டு என்று அதற்குப் பெயர் எனத் தெரிந்துகொண்டு, அன்றிரவே ஓர் எக்ஸெல் ஷீட் திறந்தார். ஆயிற்று, இரண்டு வருஷம். ஷீட்டை இன்னும் மூடவில்லை.

லட்சியம் சின்னதல்ல. முட்டுக்காட்டில் ஏறி, பக்கிங்காம் கால்வாய் வழியாக மாமல்லபுரத்தில் இறங்க வேண்டும். ஒரு காலத்தில் உப்பும் விறகும் படகேறிப் போன கால்வாய் அது. பாரதிதாசன் நண்பர்களோடு படகில் போய் ‘மாவலிபுரச் செலவு’ பாடியதும் அதன் வழியாகத்தான். இதை எடுத்துச் சொன்னால் நம்மவர் அசரமாட்டார். “அவங்க உக்காந்துக்கிட்டுதானே சார் போனாங்க?” என்பார்.

அவரிடம் மாட்டிக்கொள்ளும் இடம் லிஃப்ட். தரைத்தளத்தில் நீளத்தை ஆரம்பிப்பார். பத்தரை அடிப் பலகை சும்மா பொழுதுபோக்க. மூக்கு உருண்டை, தண்ணீரைத் தட்டித் தட்டித்தான் போகும். தொலைதூரம் என்றால் பன்னிரண்டரை முதல் பதினாலு அடி வேண்டும். மூக்கு கூராக, தண்ணீரைப் பிளந்துகொண்டு போக வேண்டும். அகலம் 28 முதல் 32 அங்குலம். குறுகினால் வேகம், அகன்றால் நிதானம், இரண்டும் வேண்டுமென்றால் காசு. இதற்குள் என் நாலாவது மாடி தாண்டிப் போயிருக்கும்.

பதினாலு அடியில் கெட்டிப் பலகை வாங்கினால் லிஃப்டில் நுழையாது. படிக்கட்டில் ஏற்ற அசோசியேஷன் செயலாளர் விடமாட்டார். ஆகவே காற்றடைக்கும் பலகைதான் என்று மூன்று மாத ஆலோசனைக்குப் பின் முடிவானது. மேல்தோலையும் கீழ்த்தோலையும் உள்ளே ஆயிரக்கணக்கான நூலிழைகள் இழுத்துப் பிடித்திருப்பதால், காற்றடித்தாலும் அது பலூனாக உப்பாமல் பலகையாகவே விறைத்து நிற்குமாம். அழுத்தம் 15 பிஎஸ்ஐ வரை. கார் டயருக்கு இதைப்போல் இரண்டு மடங்கு அடிக்கிறோமே என்று கேட்டுவிட்டேன். டயருக்கு அடிப்பது கம்ப்ரஸர், இதற்கு அடிப்பது நம் இடுப்பு என்று விளக்கினார். பலகை வருவதற்கு முன்பே பம்பில் மட்டும் ஒன்பது மாடல் பார்த்து வைத்திருக்கிறார்.

ஜாதகம் பார்ப்பவர்கள் பத்துப் பொருத்தத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். நம்மவர் ஷீட்டில் நாற்பத்தொரு பொருத்தம். பலகைக்கு அடியில் சுறாவின் செட்டை மாதிரி ஒன்று இருக்கிறது. ஃபின் என்பார்கள். அது இல்லாவிட்டால் இடப்பக்கம் துடுப்புப் போட்டால் பலகை வலப்பக்கம் திரும்பிக்கொண்டே இருக்கும். நீளமான ஃபின் நேரே கொண்டுபோகும். ஆனால் ஆழம் குறைந்த கழியில் மண்ணில் தட்டும், பாசியில் சிக்கும். பாசிக்கென்று பின்பக்கம் சரிந்த ஃபின் தனியே உண்டு. இத்தனையும் அவருக்குக் கரதலப்பாடம். கழியில் கணுக்கால் வரைகூட அவர் இறங்கியதில்லை.

2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்தபோது விடுப்பு எடுத்துக்கொண்டு போனார். ஊரே அலையைப் பார்த்தது. நம்மவர் வீரர்கள் கரையேறும்போது பலகையின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். கோவளத்தைச் சேர்ந்த சேகர் பச்சை இந்தத் துடுப்புப் பலகையில் பலமுறை தேசிய சாம்பியன். அவர் எப்படி ஜெயிக்கிறார் தெரியுமா என்று நம்மவர் ஒருநாள் என்னிடம் கேட்டார். சின்ன வயசிலிருந்தே கடலில் கிடந்திருப்பார் என்றேன். “இல்ல சார், போர்டு. என்ன போர்டு யூஸ் பண்றார்னு பாக்கணும்.”

போன மாதம் அவர் மனைவி ஒரு வார்த்தைதான் சொன்னார்: “ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுத்துப் பாத்துட்டு வாங்களேன்.” இந்த யோசனை நாற்பத்தொரு பொருத்தத்திலும் இல்லை. துணைக்கு நான் போனேன்.

கோவளக் கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் மாமல்லபுரம் யாத்திரையை முழுக்கக் கேட்டார். கட்டுமரத்தை ஆங்கிலத்துக்கே தூக்கிக் கொடுத்த கடற்கரை இது. அவர் பலகையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. “காத்து மாறுச்சுன்னா எப்பிடித் திரும்புவீங்க?” என்றார். விடியலில் நிலத்துக் காற்று கடலுக்குத் தள்ளும், வெயிலேறினால் கடல்காற்று கரைக்குத் தள்ளும், நிற்கிறவன் உடம்புதான் பாய் என்றார். நம்மவர் போனை எடுத்தார். நாற்பத்திரண்டாவது பொருத்தம்: காற்று.

பலகை தரும் பையன் கேட்டதோ இன்னும் சின்னக் கேள்வி.

“சார், நீங்க எவ்ளோ வெயிட்டு?”

“செவன்ட்டி டூ.”

பையன் ஏற இறங்கப் பார்த்தான். “இப்ப எவ்ளோ சார்?”

நம்மவர் ஷீட்டில் எல்லா வரிசையும் பலகையைப் பற்றியவை. தன்னைப் பற்றி இருந்தது ஒரே ஒரு கட்டம். அதில் கல்யாணத்தன்று இருந்த எடை. பையன் ஒரு பழைய மெஷினை மணலில் இருந்து எடுத்து, சிமெண்ட் திண்ணையில் வைத்தான். முள் 94-இல் போய் நின்றது. காற்றுப்பலகையில் எடை மீறினால் நடுவில் தொய்ந்து இழுவை கூடும். கூடாரம், குடிதண்ணீர், புளிசாதம் என்று மூட்டை வேறு 15 கிலோ. இறுதிச் சுற்றுக்கு வந்திருந்த மூன்று பலகைகளும் அந்த நிமிஷமே கழன்றுகொண்டன. இரண்டு வருஷமாக மாப்பிள்ளை ஜாதகத்தைத் திருத்தி வைத்துக்கொண்டு பெண் தேடியிருக்கிறார்.

பையன் ஓர் அகலப் பலகையைக் கொடுத்து, லைஃப் ஜாக்கெட் மாட்டி, கணுக்காலில் கயிற்றைக் கட்டினான். நம்மவர் துடுப்பை வாங்கி, சாம்பார்க் கரண்டி போல் குழிவு தன் பக்கம் பார்க்கப் பிடித்தார். எல்லாரும் முதல்முறை அப்படித்தான் பிடிப்பார்களாம். “திருப்பிப் புடிங்க சார், வளைவு முன்னாடி போவணும்.” மண்டியிட்டபடி கொஞ்ச தூரம் போனார். எழுந்தார். விழுந்தார். மறுபடி எழுந்தார். எண்ணிப் பார்த்தேன், பதினொரு விநாடி நின்றார். அந்தப் பதினொரு விநாடியும் அவர் முகத்தில் எந்த அளவும் இல்லை, எந்த ஒப்பீடும் இல்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது, அவ்வளவுதான்.

கரையேறி, தலை துவட்டாமலே சொன்னார்: “சார், அகலம் 30 பத்தாது. 32-தான்.”

நேற்று லிஃப்டில் பார்த்தேன். தப்பான எடையை வைத்துக்கொண்டு சரியான பலகையை எப்படி எடுப்பது என்று நியாயமாகக் கேட்டார். அந்தக் கரையோர மெஷினையும் நம்புவதற்கில்லையாம், உப்புக்காற்றில் முள் துருப்பிடித்திருக்கும். வீட்டுக்கே நல்ல எடை மெஷின் ஒன்று பார்த்துக்கொண்டிருக்கிறார். பதினேழு மாடல் தேறியிருக்கின்றனவாம்.

நாலாவது மாடி வந்தது. நான் இறங்கவில்லை.